முன்கையில் தங்கமுத்து

அறுபத்தொன்றாம் வருடம் சித்திரை மாதம் கைத்தறி முத்திரை வாரியத்தின் திண்டுக்கல் நிலையத்துக்குப் புது அதிகாரியாக கு. தங்கமுத்து, பி.ஏ. வந்து சேர்ந்தார். அவருடைய பெயர் அவருக்கு முன்னாலேயே அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தது. முத்திரைக்காரி ஒச்சாயியின் வலது முன்கையில் பச்சை எழுத்தில் அது இருந்தது. எழுத்துக்குக் கீழே கொடுக்கைத் தூக்கியபடி ஒரு தேள்.

வாரியத்தின் வேலை எளிமையானது. சின்னாளபட்டியிலிருந்தும் சுற்றுப்பக்கத்திலிருந்தும் நெசவாளர்கள் கொண்டுவரும் சேலைகளை அளந்து, இழை எண்ணிப் பார்த்து, முந்தானை ஓரத்தில் ஊதா மையால் ஒரு வட்ட முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும். இதற்கு அளப்பவர் ஒருவர், எண்ணுபவர் ஒருவர், அளந்ததும் எண்ணியதும் சரிதானா என்று பார்த்து மதுரை மண்டல அலுவலகத்துக்கு எழுதத் தலைமை எழுத்தர் ஒருவர், இவர்கள் எல்லோரும் வேலை செய்கிறார்களா என்று கவனிக்க அதிகாரி ஒருவர் என்று இருந்தார்கள். குத்துவது ஒச்சாயி.

பழனி ரோட்டில் முன்பு புகையிலைக் கிடங்காக இருந்த ஓட்டுக் கட்டடம்தான் நிலையம். எவ்வளவு வெள்ளையடித்தும் புகையிலை நெடி போகவில்லை. அதன் மேற்குச் சுவரை ஒட்டி ஒரு பூட்டுப் பட்டறை. ஒச்சாயியின் புருஷன் அங்கேதான் சாவிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான். அவன் பெயரும் தங்கமுத்து. கல்யாணம் நிச்சயமான கையோடு உசிலம்பட்டிப் பக்கத்தில் அவளுடைய ஊர்த் திருவிழாவில் ஒச்சாயி அந்தப் பெயரைக் குத்திக்கொண்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் தேளையும் கூடச் சேர்த்துக் குத்தச் சொன்னாள். தேள் இருக்கும் பக்கம் அடி, மற்றது தலை என்று தெரிந்துகொள்ளலாம்.

ஒச்சாயிக்கு இந்த வேலை பிடித்திருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து நாள் முழுவதும் புதுச் சேலைகளைத் தொடுகிற வேலை. அவள் குத்தினால் முத்திரை தட்டு நிலாவைப் போலக் கோணாமல் விழும். இதுவரை தற்காலிகம்தான். அந்த வருடம் நிரந்தரமாக்கி உத்தரவு வரும் என்று தலைமை எழுத்தர் அப்துல் ஜப்பார் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் நடக்கும். எழுதுகிறவர் அவர்தான்.

புது அதிகாரிக்கு ஊழியர்களை அறிமுகம் செய்து வைத்ததும் ஜப்பார்தான்.

"இது ஒச்சாயி சார். முத்திரை குத்துறவங்க."

ஒச்சாயி கும்பிட்டாள். கும்பிட்ட கையில் அதிகாரி தன் பெயரைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"பச்சைய்யா."

"பச்சைன்னு தெரியுது. என்ன எழுதியிருக்கு?"

ஒச்சாயி தரையைப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரக பேருய்யா."

"அதான், என்ன பேரு?"

"அது சொல்லக் கூடாதுய்யா."

அதிகாரி ஜப்பாரைப் பார்த்தார். ஜப்பார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க பேருதான் சார்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அளக்கிறவரா, எண்ணுகிறவரா என்று கடைசிவரை தெரியவில்லை. இரண்டு பேரிடமும் அதிகாரி எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். இரண்டு பேரும் தும்மியதாக எழுதிக் கொடுத்தார்கள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அடுத்த வாரம் அதிகாரியின் மனைவி சொர்ணலட்சுமி சேலை பார்க்க வந்தார். மதுரையில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர். அதிகாரி தன் அறையில் கோப்புக்குள் தலையை விட்டிருந்ததால், ஒச்சாயி சேலைகளை விரித்துக் காட்டினாள். ஒரு கத்தரிப்பூ நிறச் சுங்குடி விரிந்தது. அதன்மேல் நீண்ட கையைப் பார்த்ததும் சொர்ணலட்சுமி சேலையை மறந்துவிட்டார்.

"இது யாரு பேரு?"

"அவுக பேரும்மா."

"அவுகன்னா?"

ஒச்சாயிக்கு வெட்கம் வந்துவிட்டது. "அவுகதாம்மா. அந்தா, அங்கன இருக்காகள்ல" என்று மேற்கே மோவாயைக் காட்டினாள். மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டுப் பட்டறை இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் அதிகாரியின் அறை இருந்தது.

சொர்ணலட்சுமி அதிகாரியின் அறைக் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எத்தன வருஷமா?" என்று கேட்டார்.

"வைகாசி வந்தா அஞ்சு வருசம் ஆகுதும்மா."

"நீ இப்படிக் குத்தியிருக்கிறது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா? மொதமொதல்ல பாத்தப்ப கையப் பிடிச்சு எழுத்துக்கூட்டிப் படிச்சாக. அம்புட்டுச் சந்தோசம் அவுகளுக்கு!"

பெயரைச் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே தெளிந்திருக்கும். ஆனால் புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் ஒச்சாயிக்கும் இல்லை, எஸ்.எஸ்.எல்.சி. படித்த சொர்ணலட்சுமிக்கும் இல்லை. அவர் சேலை எதுவும் எடுக்காமல் குதிரை வண்டி ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் அதிகாரி தூக்குச்சட்டி இல்லாமல் அலுவலகம் வந்தார். மத்தியானம் ஜப்பார் தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுக்க முன்வந்தார். அது ஆட்டுக்கறி. அதிகாரி சைவம். பக்கத்துக் கிளப்புக் கடையிலிருந்து தயிர்ச்சாதம் வந்தது. தினமும் வந்தது. அந்தத் தயிர்ச்சாதத்தின் புளிப்பிலிருந்துதான் தோற்றவொழுங்குச் சுற்றறிக்கை பிறந்தது.

திங்கட்கிழமை காலை ஊழியர்களை வரிசையாக நிற்கவைத்து அதிகாரி பேசினார்.

"நண்பர்களே! ஓர் அலுவலகத்துக்கு உயிர் எது? தோற்றம். வேலை பிறகு வரும், வராமலும் போகும். தோற்றம் முதலில் வர வேண்டும். முன்னேறிய எந்த நாட்டிலும் அரசு ஊழியர்கள் உடம்பில் எழுதிக்கொண்டு வேலைக்கு வருவதில்லை. எழுத வேண்டியதைக் கோப்பில் எழுதுகிறார்கள். ஆகவே இன்று முதல், உடம்பில் குத்தப்பட்டு, கழுவினால் போகாத அடையாளங்கள் எவையும் வெளியே தெரியக்கூடாது. இது பொதுவான விதி. யாரையும் மனதில் வைத்துச் செய்ததல்ல. இதில் எனக்குச் சொந்தக் காரணம் எதுவும் இல்லை. படமாக இருந்தால்கூட ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். தேள் இருக்கட்டும். தேள் யாரையும் ஒன்றும் செய்யாது. பெயர்தான் கூடாது. பெயரிலும் ஆண் பெயர். ஆண் பெயரிலும்..."

இங்கே அவர் நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

"ஏதாவது சந்தேகம் உண்டா?"

யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை.

காவல்காரருக்கென்று வாங்கி, அவர் போட மறுத்ததால் பீரோவில் கிடந்த முழுக்கைக் காக்கிக் கோட்டு ஒன்று ஒச்சாயிக்குக் கொடுக்கப்பட்டது. அது ஆறடி ஆளுக்குத் தைத்தது. ஒச்சாயி அதைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டாள். கை மறைந்தது. விரலும் மறைந்தது. சித்திரை வெயில், ஓட்டுக் கட்டடம். அவள் மையில் முத்திரைக் கட்டையைத் தோய்க்கும்போதெல்லாம் கோட்டின் கை நுனியும் தோய்ந்தது. முத்திரை குத்தும்போதெல்லாம் அதுவும் கூடவே குத்தியது. நிலாவுக்குப் பக்கத்தில் ஊதா நிறத்தில் ஒரு வால் விழ ஆரம்பித்தது.

சின்னாளபட்டி சிவனம்மாள் தன் சேலைக் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நெசவாளர் சங்கத்தில் அவள் பேச்சுக்கு மதிப்பு உண்டு. குரலுக்கும் உண்டு.

"ஏத்தா ஒச்சாயி, என்னாத்தா இது? முத்திரைக்கு வாலு மொளைச்சிருக்கு?"

"கோட்டுக்காரி குத்துனா அப்பிடித்தான் வரும் மதினி."

"கழட்டி வீசு அத."

"கழட்டுனா வேலை போயிரும்."

சிவனம்மாள் நேரே அதிகாரி அறைக்குள் போனாள். அதிகாரி சேலையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்தார்.

"முத்திரை தெளிவாக இருக்கிறதா, இல்லையா?"

"இருக்கு. வாலும் இருக்கு."

"முத்திரை விதிப்படி விழுந்தது. வால், தோற்றவொழுங்கு விதிப்படி விழுந்தது. இரண்டுமே விதிதான். எதை அழிக்கச் சொல்கிறாய்?"

"இந்தச் சேலையக் கட்டிட்டுப் போறவள நாலு பேரு கேப்பாகளே!"

"கேட்டால், இந்தச் சேலையில் இரண்டு விதிகள் கடைப்பிடிக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லச் சொல்" என்றார் அதிகாரி.

இதற்கிடையில் எண்ணுகிறவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. தும்மியதற்கு விளக்கம் எழுதியதிலிருந்தே அவருக்கு எழுத்து மூலம் கேட்பதில் ஒரு ருசி ஏற்பட்டிருந்தது. 'உடம்பில் குத்தப்பட்டு, கழுவினால் போகாத அடையாளம்' என்பதில் அம்மை குத்திய தழும்பு சேருமா என்று கேட்டு மனுப் போட்டார். அம்மை குத்தியது சர்க்கார். குத்தப்பட்டது முன்கை. கழுவினால் போகாது. அதிகாரி தன் அரைக்கைச் சட்டைக்குக் கீழே பார்த்தார். அங்கே காலணா அளவில் இரண்டு தழும்புகள் இருந்தன.

விதியில் ஓட்டை விடக்கூடாது என்பது அவர் கொள்கை. சேரும் என்று உத்தரவு போட்டார். மறுநாள் முதல் எல்லோரும் முழுக்கைச் சட்டையில் வந்தார்கள்.

எண்ணுகிறவர் விடவில்லை. அவருக்குச் சின்ன வயதில் காது குத்தியிருந்தது. துளை தூர்ந்துபோனாலும் குறி இருந்தது. காது குத்தியதும் குத்துத்தானே? சேரும் என்று உத்தரவு வந்தது. அளக்கிறவரும் எண்ணுகிறவரும் கழுத்துக்கும் காதுக்குமாக மப்ளர் சுற்றிக்கொண்டார்கள். ஒச்சாயி முந்தானையால் காதை மூடிக்கொண்டாள். கொஞ்ச நாளில் அதிகாரியும் சுற்றிக்கொண்டார். அவருக்கும் ஆயி அப்பன் ஆசையாகக் காது குத்தியிருந்தார்கள். ரோட்டில் போனவர்கள், கொடைரோட்டில் இறங்கிக் கொடைக்கானல் மலைக்குப் போக வேண்டிய கூட்டம் ஒன்று வழி தவறி இங்கே உட்கார்ந்திருப்பதாக நினைத்தார்கள்.

"மூக்குத்தியும் குத்துத்தானே சார்?" என்று எண்ணுகிறவர் மூன்றாவது மனுவை நீட்டியபோது ஜப்பார் அதைப் பிடுங்கிக் கிழித்தார்.

"அப்பு, போதும். அந்தப் பிள்ள மூக்கையும் மூடச் சொன்னா எதுல மூச்சு விடும்?"

ஒச்சாயிக்கு ஏற்கனவே மூச்சு விடுவது சிரமமாகத்தான் இருந்தது. கழுத்திலும் கையிலும் வேர்க்குரு வெடித்துப் புண்ணாகிவிட்டது. வைகாசியில் ஒருநாள் மத்தியானம் சேலையின் மேல் முத்திரைக் கட்டையை வைத்தவள், வைத்தபடியே சாய்ந்துவிட்டாள். மைக் கிண்ணம் கவிழ்ந்தது. அளக்கிறவர் தண்ணீர் தெளித்தார். ஜப்பார் கோட்டைக் கழற்றினார். அதிகாரி அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மயக்கம் தெளிந்ததும் கோட்டை மறுபடி போடச் சொல்லுங்கள்" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் சேதி போயிற்று. பட்டறைத் தங்கமுத்து கையில் அரத்தோடு வந்தான். பெஞ்சில் படுத்திருந்த ஒச்சாயியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். அவள் கையைத் திருப்பி வேர்க்குருப் புண்ணையும் பார்த்தான். அரத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அதிகாரி அறைக்குள் போனான். வெளியே வைத்த அரத்தைப் பார்த்து ஜப்பாருக்குத்தான் உயிர் வந்தது.

"நீங்கதான் தங்கமுத்துங்களா?"

"நான் நிலைய அதிகாரி."

"நானும் தங்கமுத்துதான். எம்பொண்டாட்டி கையில எம்பேரு இருக்கு. அது ஒங்களுக்கு எங்க குத்துது?"

அதிகாரி மப்ளரைத் தளர்த்திக்கொண்டார். இவ்வளவு நாளாக இந்தப் பெயருக்குரிய இன்னோர் ஆள் உண்மையிலேயே இருப்பான் என்று அவருக்கே முழு நம்பிக்கை இருந்திருக்கவில்லை போலும். அவனைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"உட்காருங்கள். இது பெயர் பிரச்சினை இல்லை. முன்னெழுத்துப் பிரச்சினை. தங்கமுத்து என்று மொட்டையாக இருக்கிறது. படிக்கிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், இது எந்தத் தங்கமுத்து என்று குழம்பிவிடுகிறார்கள். உங்கள் தகப்பனார் பெயர் என்ன?"

"பெரியகருப்பன்."

"நல்லதாகப் போயிற்று! முன்னால் ஒரு 'பெ' சேர்த்துக் குத்திவிட்டால் கோட்டே வேண்டாம். செலவை நிலையம் ஏற்கும். பச்சை குத்துகிற மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்க வேண்டும், அவ்வளவுதான். மூடி முத்திரையிட்ட உறையில் கொடுக்கச் சொல்லுங்கள்."

"நீங்க எந்த வருசம் பொறந்தீக?"

"ஏன்? இருபத்தெட்டு."

"நான் இருபத்தஞ்சு. இந்தப் பேர மொதல்ல எனக்குத்தான் வச்சாக. சீனியாரிட்டி பாத்தா, மாத்த வேண்டியது நீங்கதான்."

அவன் கோபத்தில்தான் சொன்னான். ஆனால் சீனியாரிட்டி என்ற சொல்லைக் கேட்டால் அதிகாரி பாதித் தூக்கத்திலும் எழுந்து நிற்பவர். அவன் போன பிறகு விதிப் புத்தகத்தை எடுத்துப் பெயர்களுக்குச் சீனியாரிட்டி உண்டா என்று சாயங்காலம்வரை தேடினார். இல்லை என்று உறுதியான பிறகுதான் தயிர்ச்சாதத்தைத் தொட்டார்.

மறுநாள் ஒச்சாயி கோட்டு இல்லாமல் வந்தாள்.

"இனிமே அதப் போட மாட்டேன்யா. முத்திரை குத்தத்தான் வேலைக்கு வந்தேன். வேகுறதுக்கு வரல."

விதி மீறல் என்று மதுரைக்கு எழுத்துப் போயிற்று. மதுரை அதை மெட்ராஸுக்கு அனுப்பியது. சுற்றறிக்கை ஏற்கனவே அங்கே போய், மிகவும் பிடித்துப்போய், எல்லா நிலையங்களுக்கும் அச்சடித்து அனுப்பப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட விதியை ஒருத்தி மீறிவிட்டாள் என்றதும் துணை இயக்குநரே ரயிலேறிவிட்டார்.

துணை இயக்குநர் கனத்த மனிதர். நெற்றி நிறையத் திருநீறு. கழுவினால் போகும் அடையாளம் என்பதால் அதற்குத் தடையில்லை. அவர் வந்து உட்கார்ந்ததும், அந்த வெயிலில் மப்ளரோடு நின்ற மூன்று பேரையும் பார்த்து, "திண்டுக்கல்லில் ஜலதோஷம் அதிகமோ?" என்று கேட்டார். விதி என்று சொன்னதும் எழுந்து அவர்களோடு கைகுலுக்கினார்.

விசாரணை தொடங்கியது. ஜப்பார் எழுதினார். ஜன்னலுக்கு வெளியே பட்டறைத் தங்கமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னால் சிவனம்மாளும் நெசவாளர்கள் சிலரும்.

"உன் கையில் என்ன எழுதியிருக்கிறது?"

"எங்க வீட்டுக்காரக பேருய்யா."

"அந்தப் பேர் என்ன?"

ஒச்சாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் சொல்றேன் சார்" என்று ஜப்பார் எழுந்தார்.

"கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் வாயால் வர வேண்டும். வேறு யார் சொன்னாலும் அது கேள்வி ஞானம். ஏனம்மா, ஒரு நிர்வாகம் தன்னுடைய ஊழியரிடம் ஒரே ஒரு பெயரைக் கேட்கிறது. மெட்ராஸிலிருந்து நான் இதற்காகவே வந்திருக்கிறேன். நிர்வாகத்தின் நேரத்துக்கு மதிப்பு இல்லையா? சொல்லாவிட்டால் அது இன்னொரு குற்றம். இரண்டுக்கும் சேர்த்து இன்றைக்கே உன்னை நீக்கலாம்."

அதிகாரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வேர்த்துக்கொண்டிருந்தது. மப்ளர் மட்டும் காரணமில்லை.

ஒச்சாயி ஜன்னலைப் பார்த்தாள். "என்னங்க, இவுக கேக்குறாக. சொல்லிப்புடவா?"

"சொல்லு புள்ள" என்றான் அவன். "நம்ம பேருதான."

அந்தப் பெயர் உள்ள ஒரு கடையைக்கூட ஒச்சாயி 'அந்த மூலைக் கடை' என்றுதான் சொல்வாள். கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சை இழுத்தாள். இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது.

"தங்கமுத்து!"

"என்னா புள்ள?" என்றான் ஜன்னலுக்கு வெளியே நின்றவன்.

"என்ன?" என்றார் நாற்காலி நுனியில் இருந்தவர்.

இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன. துணை இயக்குநர் மெதுவாகத் திரும்பினார்.

"நீங்கள் ஏன் பதில் சொல்கிறீர்கள்?"

"பழக்கம் சார்" என்றார் அதிகாரி. "கூப்பிட்டால்... வாய் தானாக..."

"உங்கள் பெயர் தங்கமுத்துவா?"

"கு. தங்கமுத்து சார். முன்னெழுத்து இருக்கிறது. என் மனைவிதான் அதைக் கவனிக்காமல்... இதில் எனக்குச் சொந்தக் காரணம் எதுவும் இல்லை சார். வீட்டில் ஒரு மாதமாகச் சோறு இல்லை, அவ்வளவுதான்."

"இதையும் எழுதவா சார்?" என்று ஜப்பார் பேனாவைத் தூக்கிக்கொண்டு பணிவாகக் கேட்டார்.

ஜன்னல் பக்கம் சிரிப்பு வெடித்தது. சிவனம்மாள் சிரித்த சிரிப்பில் பூட்டுப் பட்டறையில் வேலை நின்றுவிட்டது. ஒச்சாயிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. பெயரைச் சொன்ன வாய் அவளுக்கு இனித்துக் கிடந்தது. யாரும் கேட்காமலே இன்னொரு தடவை, ரகசியமாக, "தங்கமுத்து" என்று சொல்லிப் பார்த்தாள்.

துணை இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கு. தங்கமுத்து இந்த விதியைச் சொந்தக் காரணத்துக்காகச் செய்திருக்கிறார். அது கண்டிக்கத்தக்கது. கண்டிக்கிறேன். ஆனால் ஒரு விதி எதற்காகப் பிறந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தால் நம்முடைய விதிகளில் எத்தனை தேறும்? பிறந்துவிட்டது. நன்றாக இருக்கிறது. அச்சும் ஆகிவிட்டது. காரணம் போய்விட்டதால் விதியைக் கைவிடுவது நல்ல நிர்வாகத்துக்கு அழகல்ல. காரணம் இல்லாத விதிதான் எல்லோருக்கும் பொதுவான விதி. ஒச்சாயி கோட்டுப் போட வேண்டும். போட்டால் இன்றைக்கே நிரந்தரம் செய்கிறேன். போடாவிட்டால் போகலாம்."

ஜப்பார் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒச்சாயியைப் பார்த்தார். நிரந்தரம் என்ற சொல்லுக்காக அவள் எவ்வளவு காத்திருந்தாள் என்று அவருக்குத் தெரியும். கோட்டு மேசை மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஒச்சாயி அதைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். வேர்க்குரு ஆறி, அந்த இடத்தில் புதுத்தோல் வந்திருந்தது. கண் கலங்கியதை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் வாரேன்யா. பாய், வாரேன்."

வாசலில் சிவனம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம சங்கத்துக் கடையில சேலை எடுத்துக் காட்ட ஆள் வேணும்னு தேடிக்கிட்டு இருக்கோம். நாளைக்கே வந்துரு. உன் கையி மேல சேலையப் போட்டா எந்தக் கலரும் எடுப்பாத் தெரியும்."

ஒச்சாயி போனபின் நிலையத்தில் முத்திரை குத்த ஆள் இல்லை. அளக்கிறவர் அது தன் வேலையில்லை என்றார். எண்ணுகிறவர் எழுத்து மூலம் சொன்னார். ஜப்பார் தானே கட்டையை எடுத்துக் குத்திப் பார்த்தார். பாதி முத்திரை சேலையிலும் பாதி மேசையிலும் விழுந்தது. சிவனம்மாள் சங்கத்தைக் கூட்டி, முத்திரை இல்லாமலே சேலையை விற்றுப் பார்ப்போம் என்றாள். விற்றது. வாங்குகிறவர்கள் யாரும் முந்தானை ஓரத்தை இதுவரை பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

நிலையத்துக்குச் சேலைகள் வருவது நின்றுபோனது. சேலை இல்லாததால் அழுக்கு இல்லை. மை இல்லாததால் கறை இல்லை. நெசவாளர்கள் வராததால் சத்தம் இல்லை. முழுக்கைச் சட்டையோடும் மப்ளரோடும் எல்லோரும் அவரவர் நாற்காலியில் சிலைபோல உட்கார்ந்திருந்தார்கள். ஐப்பசியில் மெட்ராஸிலிருந்து ஆய்வுக் குழு வந்து பார்த்து வியந்தது. அந்த ஆண்டின் மிகச் சிறந்த தோற்றமுள்ள நிலையம் என்ற கேடயம் திண்டுக்கல்லுக்கு அறிவிக்கப்பட்டது. அதை வாங்க அதிகாரி மெட்ராஸுக்குப் போனார்.

அவர் போன மறுநாள், சின்னாளபட்டிச் சங்கக் கடைக்குச் சொர்ணலட்சுமி வந்தார்.

விசாரணைக் கதை அன்றைக்கே ஊர் முழுக்கச் சுற்றி அவர் வீட்டுக்கும் வந்திருந்தது. கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்களாம். தூக்குச்சட்டி மறுபடி அலுவலகம் போகத் தொடங்கியது. ஆனால் சிரித்து முடித்த பிறகு, தான் அன்றைக்கு இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தப் பெண்ணுக்கு வேலை போயிருக்காதே என்ற எண்ணம் அவருக்குள் போகாமல் நின்றுவிட்டது.

அரைக்கைச் சட்டையில் கைநிறையச் சேலைகளோடு நின்ற ஒச்சாயியைப் பார்த்ததும் அவர் தயங்கினார்.

"என் மேல கோபமா ஒச்சாயி?"

"அட, எதுக்கும்மா? அங்கன இருந்தா இந்நேரம் மப்ளரும் கட்டியிருப்பேன். உக்காருங்க. அன்னிக்கு எடுக்காமப் போனீகளே, கத்தரிப்பூக் கலரு. அதே மாதிரி ஒண்ணு வந்திருக்கு."

சேலையை வாங்கக் கை நீட்டிய சொர்ணலட்சுமி "ஸ்ஸ்" என்று முகம் சுளித்தார். ஒச்சாயி பார்த்தாள். முன்கை வீங்கிச் சிவந்திருந்தது. மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வரைக்கும் எழுத்து. பச்சை இன்னும் புதுசு.

"ஐயய்யோ, நீங்களுமா! எங்கனம்மா குத்துனீக?"

"சந்தைக்கு ஒரு குறத்தி வந்திருந்தா. நேத்துக் குத்துனது. உயிர் போயிடுச்சு."

"இம்புட்டு நீளமா இருக்கே. ஐயா பேரு இவ்வளவு நீளம் இல்லையே? அந்த 'பெ' மாதிரி, முன்னெழுத்தெல்லாம் சேத்துட்டீகளா?"

"அவர் பேரு இல்ல."

ஒச்சாயி கையிலிருந்த சேலையைக் கீழே வைத்துவிட்டாள். "பெறகு?"

"சொர்ணலட்சுமி" என்றார் சொர்ணலட்சுமி, விரலை எழுத்தின் மேல் படாமல் நகர்த்தியபடி. "என் பேருதான்."

ஒச்சாயி அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பொம்பிளை தன் கையில் தன் பெயரையே குத்திக்கொண்டு அவள் பார்த்ததில்லை. கூடாது என்று யாரும் சொன்னதாகவும் நினைவில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவளுக்கு மெல்லச் சிரிப்பு வந்தது. சொர்ணலட்சுமிக்கும் வந்தது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு, கடைக்கு வந்த ஆட்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள்.

"ஐயா பாத்துட்டாகளா?"

"இன்னும் இல்ல. கேடயத்தோட வெள்ளிக்கிழமைதான் வர்றார். அதுக்குள்ள வீக்கம் வத்திடுமா?"

ஒச்சாயி அவர் கையை மெதுவாகத் திருப்பி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மஞ்சளை அரைச்சுப் பத்துப் போடுங்க, வத்திரும். வெள்ளிக்கெழமைக்குத் தெருமுனையில வரும்போதே படிச்சுருவாக."